தனித்தனி முடிச்சு

— அதனால இனிமே இந்தக் கடைக்குள்ள பிரசவப் பேச்சு கூடாது. அவ்வளவுதான்மா விஷயம். புரியுதா?

— புரியலை சிஸ்டர். இது தையல் கடை. இங்க நாங்க எதைப் பேசணும், எதைப் பேசக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி ஏன் சொல்லுது?

— நான் சொல்லலைம்மா, மேட்ரன் சொல்றாங்க. நான் வெறும் பிரசவ வார்டு நர்ஸ். சொல்லச் சொன்னதைச் சொல்ல வந்திருக்கேன். போன வாரம் ஒரு பொண்ணு வந்தா, நிறைமாசம். படும்மான்னா படுக்க மாட்டேங்கறா. "உக்காந்தும் வலி தாங்கலாம்னு தையல்காரக்கா சொன்னாங்க"ங்கறா. இன்னொருத்தி, ஊசியைக் கையில எடுத்த உடனே, "இது என்ன ஊசி? எதுக்கு? சொல்லிட்டுப் போடுங்க"ங்கறா. யாரு சொல்லிக் கொடுத்ததுன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில். தையல் கடை, தையல் கடை, தையல் கடை!

— அண்ணி, நாம எங்கயோ போயிட்டோம்!

— நீ கையில இருக்கற கொக்கியைத் தைடி குண்டூசி.

— இவங்க யாரு?

— என் வீட்டுக்காரரோட தங்கச்சி. கொக்கி, பட்டன், ஓரம் மடிக்கறது எல்லாம் இவ கைதான். வாய் மட்டும் லீவே எடுக்காது.

— வணக்கம் சிஸ்டர். நானும் உங்க ஆஸ்பத்திரியிலதான் பெத்தேன். வார்டுல இல்லை, லிஃப்ட்டுல.

— லிஃப்ட்டுலயா?

— ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல. லிஃப்ட்காரர் என் மூஞ்சியைப் பாத்தாரு, கீழ பாத்தாரு, அப்படியே சுவத்துப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாரு. "எந்த மாடிம்மா, எந்த மாடிம்மா"ன்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு பாவம். நான் சொன்னேன், "ஐயா, மாடி வந்தா என்ன வராட்டி என்ன, பையன் வந்துட்டான்." இன்னைக்கு வரைக்கும் வீட்ல அவன் பேரு லிஃப்ட்டுதான்.

— இதைத்தான்மா சொல்றேன்! இந்த மாதிரிப் பேச்சைத்தான்!

— இதுல என்ன சிஸ்டர் பயம்? கேக்கறவங்களுக்குச் சிரிப்புதானே வருது?

— நீங்க சிரிக்கறீங்க. இதைக் கேட்டுட்டு வர்ற பிள்ளைத்தாச்சி லிஃப்ட்டுல ஏற மாட்டேங்கறா. மூணு மாடியும் படியேறி வந்து வாசல்லயே உக்காந்துடறா.

— ஐயையோ. அது என் தப்புதான் அண்ணி. இனிமே அந்தக் கதையில மாடியை விட்டுட்டுச் சொல்றேன்.

— சொல்லவே கூடாதுங்கறேன்! இதோ, எழுத்துலயே கொண்டு வந்திருக்கேன். கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க, நான் கிளம்பிடறேன்.

— படிடி.

— "தங்கள் தையற்கடையில் பிரசவம் குறித்த அச்சமூட்டும் பேச்சுகள் நடைபெறுவதாக அறிகிறோம். இது தொடருமானால் எங்கள் மருத்துவமனையின் நோயாளி அங்கிகள், குழந்தைத் துணிகள் தைக்கும் வேலை வேறு கடைக்கு மாற்றப்படும்..." அண்ணி!

— கேட்டுச்சு.

— நமக்குப் பாதி வேலையே அந்த அங்கிதான் அண்ணி.

— கேட்டுச்சுடி. காது நல்லாத்தான் இருக்கு.

— நான் உங்களுக்கு எதிரி இல்லைம்மா. பேசறதுக்கு வேற விஷயமா இல்லை? விலைவாசி பேசுங்க. மாமியாரைப் பேசுங்க. யாரு வேண்டாங்கறா?

— சிஸ்டர், எங்க அண்ணன், அதாவது அண்ணியோட வீட்டுக்காரர், போன வருஷம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரு. ஒரே ஒரு பல்லு. ஊசி போட்டு மரத்துப் போக வச்சு, சாய்வு நாற்காலியில படுக்க வச்சுப் பிடுங்கினாங்க. அந்தக் கதையை இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காரு. வீட்டுக்கு யாரு வந்தாலும் வாயைத் திறந்து காட்டறாரு. அவருக்கு யாரும் காகிதம் கொண்டு வரலை. நாங்க ஒரு முழு மனுஷனை வெளியில கொண்டு வந்திருக்கோம், நாங்க பேசக் கூடாதா?

— அப்படிக் கேளு.

— பல்லு பிடுங்கறதைக் கேட்டு யாரும் பயந்துக்க மாட்டாங்கம்மா. வாயும் வயிறுமா இருக்கறவ மனசு அப்படி இல்லை. அவளுக்கு எதுக்கு இதெல்லாம்? நாங்க பாத்துக்க மாட்டோமா?

— எங்கம்மாவும் அதையேதான் சொன்னாங்க. "போனா எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க, நீ ஒண்ணும் யோசிக்காதே." மூணு பிள்ளை பெத்தவங்க. அவங்க வாயில இருந்து வந்தது அந்த ஒரு வரிதான். தெரியாத வீட்டுக்குள்ள ஒருத்தியை இருட்டுல அனுப்பும்போது கட்டில் எங்க கிடக்கு, படி எங்க இருக்கு, கதவு எந்தப் பக்கம் திறக்கும்னாவது சொல்லி அனுப்ப வேண்டாமா சிஸ்டர்? கையெழுத்துப் போட மாட்டேன்.

— கொஞ்சம் யோசிச்சு...

— யோசிச்சுட்டேன். சரி, அந்தப் பையில என்ன? துணி மாதிரி தெரியுது.

— அது... யூனிஃபார்ம். ரெண்டு பக்கமும் லேசாப் பிரிச்சு விடணும். வந்ததோட வந்ததா கேக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். இப்ப வேண்டாம், பரவாயில்லை.

— கொடுங்க. சண்டை வேற, துணி வேற. ... இதை யாரு தைச்சது?

— எதை?

— இந்தப் பக்கவாட்டுத் தையலை. ஏற்கெனவே ஒருதடவை பிரிச்சிருக்கு. இல்லை, ரெண்டு தடவை. குண்டூசி, இங்க வா, இதைப் பாரு.

— என்ன அண்ணி இது கூத்து! ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு! ஒண்ணு போட்டு, முடிச்சுப் போட்டு, வெட்டி, மறுபடி ஒண்ணு போட்டு... இப்படி ஒரு பக்கம் தைக்கவே அரை நாள் ஆகுமே!

— துணி தைக்கறவ எவளும் இப்படித் தைக்க மாட்டா. ஓட்டமா ஓட்டிட்டுக் கடைசியில ஒரு முடிச்சுப் போட்டு முடிச்சுடுவா. இது துணித் தையல் இல்லைடி. சதை தைக்கற தையல். ஒண்ணு அறுந்தாலும் மத்தது பிடிச்சுக்கணும்னு போடறது. நீங்களே தைச்சீங்களா சிஸ்டர்?

— டியூட்டிக்கு நேரமாச்சு. கைக்குப் பழகினதைத் தைச்சேன். அதுக்கு என்ன இப்ப?

— ஒண்ணுமில்லை. கையைத் தூக்குங்க, அளவெடுக்கணும்.

— அளவெல்லாம் வேண்டாம். ரெண்டு இஞ்சு விட்டாப் போதும்.

— உடம்பை அளக்காம நான் கத்திரியைத் தொட மாட்டேன். தூக்குங்க. மூச்சை உள்ள இழுக்காதீங்க. இழுக்காதீங்கன்னு சொல்றேன்ல? எவ்வளவு நேரம்தான் பிடிச்சு வச்சிருப்பீங்க? விடுங்க. ஆங். எழுதிக்கடி, மார்பு நாப்பது. இடுப்பு...

— இடுப்பு எவ்வளவு அண்ணி? ... அண்ணி?

— பேனாவைக் கீழ வை. சிஸ்டர், எத்தனாவது மாசம்?

— ரெண்டு இஞ்சு விட்டாப் போதும்னு சொன்னேன்ல?

— எத்தனாவது மாசம்?

— ஏழு முடியப் போகுது. தயவுசெஞ்சு சத்தமா சொல்லாதீங்க.

— ஏழா! எனக்கெல்லாம் ரெண்டாவது மாசமே பால்காரர் வரைக்கும் தெரிஞ்சு போச்சு. ஏழு மாசத்தை எங்க சிஸ்டர் ஒளிச்சு வச்சிருந்தீங்க?

— மேல ஏப்ரன் கட்டிக்குவேன். ஃபைலை வயித்தோட சேத்துப் பிடிச்சுக்குவேன். கல்யாணமாகிப் பதிமூணு வருஷம் கழிச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு தங்கலை. அதான் யார்கிட்டயும் சொல்லலை. வீட்டுக்காரர் வெளியூர் வேலை. சொல்ல வேண்டியவங்க யாரும் இப்ப உயிரோட இல்லை. போதுமா? இனி துணியைக் கொடுங்க, நான் போறேன்.

— உக்காருங்க. இத்தனை முடிச்சையும் ஒண்ணொண்ணா அறுக்கணும். அதுவரைக்கும் என் வாய் சும்மா இருக்காது. பிடிக்கலைன்னா காதைப் பொத்திக்கங்க.

— எனக்கு எந்தக் கதையும் வேண்டாம்மா. நாலாயிரம் பிரசவம் பாத்தவ நான்.

— பாத்திருப்பீங்க. கேட்டிருக்கீங்களா?

— கேக்க என்ன இருக்கு? எல்லாம் கண்ணு முன்னாடிதானே நடக்குது?

— அப்ப இதையும் கேளுங்க. ஆறு வருஷம் ஆச்சு. மிஷின்ல உக்காந்திருக்கேன், பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வச்சுக்கிட்டு. சுரீர்னு ஒண்ணு. சரி, காலரை முடிச்சுட்டுப் போகலாம்னு முடிச்சேன். பட்டனும் வச்சேன். அப்புறம் நடந்தே போனேன், மூணு தெரு. உங்க ஆஸ்பத்திரிக்குத்தான். ஜன்னலோரம் ஒரு இரும்புக் கட்டில். ஒரு கால் குட்டை. அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்திருந்தாங்க. ஒவ்வொரு வலிக்கும் அந்தக் கட்டில் என் கூடச் சேந்து ஆடும். டக், டக், டக்னு. நான் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன், வேற பேச ஆளில்லை.

— அண்ணி, மெதுவா...

— மெதுவாத்தான் சொல்றேன். சாயங்காலமா வலி மேல வலி. நான் கத்தினேன். கத்தணும்னு கத்தலை, அதுவா வந்துச்சு. அப்ப ஒரு நர்ஸு ஓடி வந்தாங்க. முகம் தெரியலை, மாஸ்க். "வாயை மூடு! உலகத்துல நீ ஒருத்திதான் பெத்துக்கறியா?" நான் மூடலை. எப்படி மூடறது? கையுறையோட என் வாயைப் பொத்தினாங்க. ரப்பர் வாசனை. மூச்சு முட்டித் தலையை உதறினேன். தொடையில ஒரு அறை. அஞ்சு விரலும் பதிஞ்சுது. நாலு நாள் இருந்துச்சு அந்தத் தடம்.

— அந்த நேரத்துல வார்டுல எவ்வளவு...

— இருங்க, இன்னும் முடிக்கலை. அதுக்கப்புறம் நான் கத்தவே இல்லை. என் பின்னல் நுனியை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டேன். சத்தமே இல்லாம பெத்தேன். அவளும் சத்தமே இல்லாம வந்தா. நான் கத்தலை, அதான் பிள்ளையும் கத்தலைன்னு நினைச்சேன். அந்த நேரத்துல அப்படித்தான் தோணுச்சு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கண்ணு இருட்டிடுச்சு. முழிச்சப்ப கீழ தைச்சுக்கிட்டு இருக்காங்க. மரத்துப் போற மருந்து தீந்து போச்சாம். ஊசி ஏறும், முடிச்சு இறுகும், கத்திரி "நறுக்"குனு வெட்டும். ஏழு தடவை. நான் தையல்காரி சிஸ்டர், எண்ணாம இருக்க முடியுமா?

— பிள்ளை நல்லா இருக்கில்ல?

— பாத்தியாடி, வந்துச்சு! எல்லாரும் இதைத்தான் கேட்டாங்க சிஸ்டர். அம்மா, மாமியார், வீட்டுக்காரர், வீட்டுக்காரரோட முதலாளி. "பிள்ளை நல்லா இருக்கில்ல, அப்புறம் என்ன?" நான் என்னத்தைச் சொல்றது? பிள்ளை நல்லா இருக்கு. நான்? ரெண்டு வருஷம் வாயைத் திறக்கலை. யாராவது குரலை உயர்த்தினா எனக்குத் தொடை கூசும். இவகிட்டகூடச் சொல்லலை.

— எனக்குச் சத்தியமா தெரியாது சிஸ்டர். நான் லிஃப்ட்டுக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன், அண்ணி மிஷினை வேகமா மிதிப்பாங்க. அவ்வளவுதான்.

— அப்புறம் ஒருநாள் காய்காரம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாங்க. கையைத் தூக்கி நின்னுக்கிட்டே சொல்றாங்க, "ரெண்டாவது பிள்ளைக்கு என்னை ஒருத்தி அறைஞ்சா பாரு, இன்னைக்கும் அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க மனசு வராது." கத்திரிக்காய் விலை சொல்ற மாதிரி சொன்னாங்க. நான் டேப்பைக் கீழ போட்டுட்டு அந்தத் துணிக் குவியல் மேல உக்காந்து அழுதேன். அவங்க வந்து பக்கத்துல உக்காந்து, "உனக்குமா?"ன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான் சிஸ்டர். அன்னைக்கு ஆரம்பிச்சது. பயமுறுத்த இல்லை. இங்க வர்ற ஒருத்தியும் "எனக்கு மட்டும்தான் இப்படி"ன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. அதுக்குத்தான்.

— அந்த நர்ஸு பேரு தெரியுமா?

— தெரியாது.

— முகமும் தெரியாது.

— தெரியாது. குரல் தெரியும்.

— ஆறு வருஷத்துல குரலெல்லாம் மறந்துடும்மா.

— நீங்க வாசல்ல நின்னு "கடையில யாரும்மா?"ன்னு கேட்டீங்களே, அப்ப என் கையில ஊசி இருந்துச்சு. இந்த விரலைப் பாருங்க. ஊசி ஏறின இடத்துல இன்னும் ரத்தம் காயலை.

— அண்ணி! இவங்களா? இவங்களா அது?

— நீ உக்காருடி.

— இவங்களுக்கா நான் ஸ்டூல் எடுத்துப் போட்டேன்! எழுந்திருங்க சிஸ்டர், அது எங்க ஸ்டூல்!

— உக்காருன்னு சொன்னேன் குண்டூசி. ஏழு மாசம் அவங்களுக்கு. சிஸ்டர், நீங்களும் உக்காருங்க. ஓடறதுன்னா யூனிஃபார்ம் இல்லாமதான் ஓடணும், ரெண்டு பக்கமும் பிரிச்சாச்சு.

— ஒரு நாளைக்குப் பன்னெண்டு பேர் வருவாங்கம்மா. ரெண்டு பேர் டியூட்டி. எல்லாரையும் ஞாபகம் வச்சிருக்க முடியுமா?

— நான் வச்சிருக்கேன்.

— பின்னல்ல நீல ரிப்பன்.

— என்ன?

— உங்க பின்னல் நுனியில நீல ரிப்பன் கட்டியிருந்துச்சு. அதைக் கடிச்சீங்க. வாயெல்லாம் நீலச் சாயம். நான் முதல்ல பயந்துட்டேன், உதடு நீலமாயிடுச்சேன்னு.

— ரிப்பனை நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே.

— அன்னைக்கு மெஷின் ரிப்பேர். குழந்தையோட இதயத் துடிப்பு கேக்கறதுக்கு என்கிட்ட இருந்தது ஒரு மரக்குழல்தான். வயித்துல வச்சு, இந்தப் பக்கம் காதை வச்சுக் கேக்கணும். டாக்டர் வேற ஒருத்தியை ஆபரேஷனுக்கு எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. நிமிஷத்துக்கு நூத்து நாப்பது அடிக்க வேண்டியது. அரை மணி முன்னாடி கேட்டேன், நூத்துப் பத்து. மறுபடி வைக்கறேன், எதுவும் கேக்கலை. நீங்க கத்தறீங்க, கட்டில் டக்கு டக்குங்குது, பக்கத்துக் கட்டில்காரி கத்தறா. எனக்கு என் மூச்சே கேக்கலை. துடிப்பு நின்னுடுச்சா, இல்லை சத்தத்துல கேக்கலையா? எனக்குத் தெரிஞ்சாகணும். அதான்... வாயைப் பொத்தினேன்.

— அதான் அறைஞ்சீங்களா?

— அறைஞ்சேன். நீங்க அடங்கினீங்க. குழலை வச்சேன். கேட்டுச்சு. எழுபது. ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணுன்னு. அப்புறம் டாக்டருக்குக் காத்திருக்கலை, நானே கீழ வெட்டிப் பிள்ளையை எடுத்தேன். கொடி கழுத்துல ரெண்டு சுத்து. பிள்ளை மூச்சு விடலை. நீங்க கண்ணை மூடிட்டீங்க. பிள்ளை முகத்துல, காத்து ஊதற சின்ன ரப்பர் பையை வச்சு அமுக்கினேன். நாலு நிமிஷம். நீங்க சொன்னீங்கல்ல, நடுவுல என்ன நடந்துச்சுன்னு தெரியாதுன்னு? நாலு நிமிஷம் நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். அப்புறம் பூனைக்குட்டி தும்மின மாதிரி ஒரு சத்தம். நான் தரையில உக்காந்துட்டேன். அதுக்குள்ள அடுத்த கட்டில்ல தலை தெரியுதுன்னு கூப்பிட்டுட்டாங்க.

— அண்ணி... அப்படின்னா நம்ம பாப்பாவை இவங்கதான்...

— ஆமா. நாலு நிமிஷம். இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த இடம் வந்தா நான் தாண்டிக் குதிச்சுடுவேன். கேக்கறவங்களும் குதிச்சுடுவாங்க. ... பூனைக்குட்டி தும்மின மாதிரியா?

— ஆமா.

— இப்பவும் அவ அப்படித்தான் தும்மறா.

— அதனாலதான்மா சொல்றேன். இப்பப் புரியுதா? காரணம் இல்லாம நாங்க எதுவும்...

— நிறுத்துங்க. அங்கதான் நிறுத்தணும். காரணம் இருந்துச்சு, சரி. அந்தக் காரணத்தை ஏன் என்கிட்ட சொல்லலை? "சத்தம் போடாதேம்மா, பிள்ளையோட துடிப்பு கேக்கணும்." ஒரு வரி. சொல்லியிருந்தா நானே ரிப்பனோட சேத்து முந்தானையையும் வாயில திணிச்சிருப்பேன்! நான் என்ன உங்களுக்கு எதிரியா? அது என் பிள்ளை இல்லையா?

— அந்தப் பதட்டத்துல...

— "வாயை மூடு, உலகத்துல நீ ஒருத்திதான் பெத்துக்கறியா"ன்னு சொல்ல நேரம் இருந்துச்சு. அதைவிட இது சின்ன வரிதான் சிஸ்டர். நான் எண்ணிப் பாத்துட்டேன். சரி, அப்புறமாவது? மறுநாள் நான் அதே வார்டுலதானே படுத்திருந்தேன்? மூணு நாள். தினம் ரெண்டு தடவை என் கட்டிலைத் தாண்டிப் போயிருப்பீங்க. "உன் பிள்ளை வந்த விதம் இதும்மா"ன்னு ஒருத்தி வந்து சொன்னாளா?

— சொல்லணும்னு வந்தேன். ரெண்டாவது நாள். உங்க தொடையில மருந்து தடவிக்கிட்டு இருந்தாங்க. என் விரல் தடம். பாத்துட்டுத் திரும்பிட்டேன்.

— அண்ணி, பாருங்க. இவங்க அழறாங்க.

— அழட்டும். எனக்கும் அழறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இந்தாங்க, இந்தத் துண்டுத் துணியில துடைச்சுக்கங்க, சுத்தமானதுதான். கேட்டுக்கங்க சிஸ்டர். இனிமே என் கதையில அந்த நாலு நிமிஷத்தையும் சேத்துச் சொல்றேன். ரப்பர் பையையும் சொல்றேன், நீங்க தரையில உக்காந்ததையும் சொல்றேன். காசு கொடுத்தாலும் கிடைக்காத நாலு நிமிஷம் அது. கோடிப் புண்ணியம் உங்களுக்கு. ஆனா அந்த அறையும் கதையில இருக்கும். இதைக் காட்டி அதை அழிக்க மாட்டேன். அதைக் காட்டி இதையும் அழிக்க மாட்டேன்.

— சரி.

— அந்தக் காகிதத்தை எடுடி.

— எதுக்கு அண்ணி? கையெழுத்தா?

— நல்ல கெட்டிக் காகிதம். இவங்களுக்குப் பக்கத்துல ஒரு துணிப் பட்டி வச்சுத்தான் ஆகணும், ரெண்டு இஞ்செல்லாம் பத்தாது. அதுக்கு அளவு வெட்ட இதுதான் சரி. மடிச்சுப் பிடி. ம். பாத்து, எழுத்து வெளிப்பக்கம் வரட்டும்.

— அம்மா, அதைக் கிழிக்காதீங்க!

— கிழிக்கலை, வெட்டறேன். வளைவா. அங்கி வேலையைக் கொண்டு போய் யாருக்கு வேணும்னாலும் கொடுக்கட்டும். நான் பள்ளிக்கூடச் சட்டை தைப்பேன், தலையணை உறை தைப்பேன், குடை ரிப்பேர் பண்ணுவேன். ஆனா இந்த டேப்பு ஒரு பிள்ளைத்தாச்சி இடுப்பைச் சுத்தற வரைக்கும் இந்தக் கடையில பேச்சு நிக்காது. உங்க மேட்ரனுக்கும் பிள்ளை இருந்தா வரச் சொல்லுங்க. அவங்க கதையையும் கேக்கறேன். அவங்களை எவ அறைஞ்சாளோ, யாருக்குத் தெரியும்.

— சூப்பர் அண்ணி.

— நீ பட்டியைப் பிடி. சிஸ்டர், எழுந்து நில்லுங்க, இதை வச்சுப் பாக்கறேன். சொல்லுங்க, திரும்பிப் போய் மேட்ரன்கிட்ட என்ன சொல்லப் போறீங்க? தையல்காரி மாட்டேன்னுட்டான்னா? இல்லை, மரியாதையா மாத்திச் சொல்வீங்களா?

— மேட்ரனுக்கு எதுவும் தெரியாது.

— தெரியாதா? அப்ப இந்தக் காகிதம்?

— நான்தான் டைப் பண்ணினேன். வேற என்ன சொல்லிட்டு இந்தக் கடைக்குள்ள வர்றதுன்னு தெரியலை. வார்டுல பொம்பளைங்க எல்லாம் கூடிக் கூடிப் பேசுவாங்க, நான் கால் வச்சதும் கப்சிப்னு ஆயிடும். பதினேழு வருஷம், நாலாயிரம் பிரசவம், ஒருத்திகூட இதுவரைக்கும் என்கிட்ட வாயைத் திறந்து சொன்னதில்லை. எனக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்மா இருக்கு. வலி எப்படி ஆரம்பிக்கும்?